கணினி கண்ட வினையூக்கிகள்: ஒரு துறையின் கணக்கு வழக்கு

1909-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஃபிரிட்ஸ் ஹேபர், நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் இணைத்து அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக வடித்துக் காட்டினார். அப்போது அவர் பயன்படுத்திய வினையூக்கி ஆஸ்மியம். அது மிக அரிய உலோகம். உலகெங்கும் இருந்ததைத் திரட்டினாலும் ஒரு தொழிலை நடத்தப் போதாது. மாற்று தேடும் பொறுப்பு பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் ஆல்வின் மிட்டாஷிடம் வந்தது. அவர் கையில் கோட்பாடு எதுவும் இல்லை. கிடைத்த உலோகங்களையும் தாதுக்களையும் கலந்து கலந்து சோதித்துப் பார்த்தார். 1912-க்குள் ஏறத்தாழ 2,500 கலவைகள், 6,500 சோதனைகள் என்று வேதியியல் வரலாற்று நூல்கள் கணக்குத் தருகின்றன. கடைசியில் வென்றது ஸ்வீடன் நாட்டு மேக்னடைட் தாதுவிலிருந்து கிடைத்த இரும்பு, சிறிதளவு அலுமினாவும் பொட்டாஷும் சேர்த்தது. 1913-இல் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. இன்றும் உலகின் பெரும்பாலான அம்மோனியா ஆலைகளில் அந்த இரும்பின் வழித்தோன்றலே வேலை செய்கிறது. காவிரிப் பாசனத்து நெல்லுக்கு இடும் யூரியாவும் அதன் வழியாக வந்ததுதான்.

அந்த 6,500 சோதனைகளையும் உலை பற்றவைக்காமல், கணக்குப் போட்டே செய்திருக்க முடியுமா? கணிப்பு வேதியியலில் வினையூக்கத்தை ஆராய்பவர்கள் அரை நூற்றாண்டாகப் பதில் தேடும் கேள்வி இது. இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. இதையே வாழ்நாள் தொழிலாக எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் ஒருவர் முப்பது நாற்பது ஆண்டு உழைத்தால் மிஞ்சுவது என்ன? இரண்டையும் சேர்த்தே பார்க்க விரும்புகிறேன். என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். விளக்குவதில் இத்துறை கண்ட வெற்றி பெரிது. புதிதாகக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் வெற்றி சிறிது, ஆனால் பொய்யில்லை. அப்படிக் கிடைத்த வெற்றிகள் கிட்டத்தட்ட எல்லாமே கணக்குப் போட்டவரும் சோதனை செய்தவரும் ஒருவர் கதவை ஒருவர் தட்டும் தூரத்தில் இருந்த இடங்களில் விளைந்தவை.

அடிப்படை விதிகளில் குறை இல்லை. வேதியியலுக்கு வேண்டிய இயற்பியல் விதிகள் எல்லாம் தெரிந்துவிட்டன, சமன்பாடுகளைத் தீர்ப்பதுதான் முடியவில்லை என்று பால் டிராக் 1929-லேயே எழுதிவிட்டார். ஒரு துண்டு உலோகத்தில் எத்தனை எலக்ட்ரான்கள்! ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் ஊடாடுகிறது. வால்டர் கோன் 1964-இல் பியர் ஹோஹன்பெர்க்குடனும் 1965-இல் லூ ஷாமுடனும் எழுதிய கட்டுரைகள் வழி காட்டின. எலக்ட்ரான் ஒவ்வொன்றையும் பின்தொடர வேண்டியதில்லை, ஓரிடத்தில் எவ்வளவு எலக்ட்ரான் அடர்த்தி என்று தெரிந்தால் போதும், ஆற்றல் கிடைத்துவிடும் என்பது அவர்கள் நிறுவியது. அடர்த்திச் சார்புக் கோட்பாடு என்று இதற்குப் பெயர். கோனுக்கு 1998-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கோட்பாடு துல்லியமானது, ஆனால் அதற்குள் யாருக்கும் முழு வடிவம் தெரியாத ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குத் தோராயமான சூத்திரம்தான் வைத்துக்கொள்ள முடிகிறது. துறையின் பலம், பலவீனம் இரண்டும் அந்தத் தோராயத்தில் இருக்கின்றன.

இந்தத் துறையில் ஒரு வாழ்க்கைப்பணி எப்படி அமைய முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான எடுத்துக்காட்டு டென்மார்க்கின் யென்ஸ் நோர்ஸ்கோவ். 1952-இல் பிறந்தவர். ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் 1979-இல் முனைவர் பட்டம் பெற்றார். படித்தது கோட்பாட்டு இயற்பியல். அதன்பின் ஐபிஎம், நோர்டிட்டா ஆய்வு நிறுவனம் என்று போனவர், ஹால்டர் டோப்சோ நிறுவனத்திலும் பணியாற்றினார். டோப்சோ உர ஆலைகளுக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் வினையூக்கி செய்து விற்கும் டேனிஷ் நிறுவனம். கோட்பாட்டாளர் ஒருவர் இப்படி ஆலைக்காரர்களோடு உட்காருவது அந்தத் தலைமுறையில் வழக்கமான பாதை அல்ல. அவருடைய பிற்காலப் பணி முழுவதிலும் அந்தப் பழக்கத்தின் தடம் தெரிகிறது. வினையூக்கியை அழகான சமன்பாடாக மட்டும் அவர் பார்க்கவில்லை. எத்தனை டன் அம்மோனியா வரும், எத்தனை நாளில் வினையூக்கி கெட்டுப்போகும் என்ற கேள்விகள் அவர் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன.

1985-இல் பெர் ஸ்டோல்ட்ஸேயும் அவரும் செய்த வேலையைப் பாருங்கள். மியூனிக்கில் கெர்ஹார்ட் எர்ட்ல், இரும்பின் ஒற்றைப் படிகத்தை வெற்றிடக் கலத்தில் வைத்து, நைட்ரஜன் மூலக்கூறு அதன்மேல் உடைவதுதான் அம்மோனியா ஆக்கத்தின் மிக மெதுவான படி என்று காட்டியிருந்தார். இதை உள்ளிட்ட அவருடைய பணிகளுக்கு 2007-இல் நோபல் கிடைத்தது. ஆனால் ஆய்வகத்தில் வெற்றிடம், ஆலையில் நூறு வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம். இரண்டுக்கும் நடுவே பல கோடி மடங்கு இடைவெளி. வெற்றிடத்தில் அளந்த எண்களை ஆலைக்குப் பொருத்த முடியுமா என்று பலர் ஐயப்பட்டார்கள். ஸ்டோல்ட்ஸேயும் நோர்ஸ்கோவும் அந்த எண்களைக் கொண்டே ஒவ்வொரு படியின் வேகத்தையும் கணக்கிட்டு, தொழில்துறை வினையூக்கி தரும் அம்மோனியாவின் அளவை எட்டிக் காட்டினார்கள். இருபது ஆண்டு கழித்து, 2005-இல், நோர்ஸ்கோவின் குழு அடுத்த படி ஏறியது. இந்தமுறை நுண்ணோக்கியில் அளந்த துகள் அளவுகளைத் தவிர அளந்த எண்கள் இல்லை. ருதேனியத் துகள்மேல் நடக்கும் அம்மோனியா வினையின் வேகத்தை அடர்த்திச் சார்புக் கோட்பாட்டிலிருந்து கணக்கிட்டார்கள். சோதனையில் கிடைத்த வேகத்துக்கும் கணக்குக்கும் 3 முதல் 20 மடங்கு வித்தியாசம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தோல்வியாகத் தோன்றும். ஆனால் வேகம் ஆற்றலோடு அடுக்குக்குறியில் மாறுவது. அறை வெப்பநிலையில் ஆற்றலில் 0.2 எலக்ட்ரான் வோல்ட் பிசகினால் வேகம் இரண்டாயிரம் மடங்குக்குமேல் தவறிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் 20 மடங்குக்குள் வந்து நின்றது பெரிய சாதனை என்றே நான் மதிப்பிடுகிறேன்.

இந்த இருபது ஆண்டுகளுக்கு நடுவில்தான் துறையின் கருத்தடிப்படை எழுந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லியிருந்தார். நல்ல வினையூக்கி, வினைப்பொருளை அளவாகப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்தால் வினையே தொடங்காது. பிடி இறுகினால் விளைபொருள் விட்டுப் போகாது. பிடியின் வலிமையை ஓர் அச்சிலும் வினையின் வேகத்தை மற்றோர் அச்சிலும் வரைந்தால் நடுவில் உச்சியும் இருபுறமும் சரிவுமாக ஒரு மலை வரும். எரிமலை வரைபடம் என்று ஆய்வாளர்கள் இதைச் சொல்கிறார்கள். ஆனால் ஓர் உலோகம் இறுக்கிப் பிடிப்பதும் இன்னொன்று தளர்வாகப் பிடிப்பதும் எதனால்? பியார்க் ஹம்மரும் நோர்ஸ்கோவும் 1995-இல் பொன்னை எடுத்துக்கொண்டு இதற்குப் பதில் சொன்னார்கள். உலோகத்தின் டி-எலக்ட்ரான்களின் சராசரி ஆற்றல் எங்கே இருக்கிறது என்பதே பிடியைத் தீர்மானிக்கிறது. பொன்னில் அவை ஆழத்தில் முழுதாக நிரம்பிக் கிடக்கின்றன. ஹைட்ரஜன் அருகே வந்தால் பிணைப்பு நிலைகளோடு பிணைப்பைக் குலைக்கும் நிலைகளும் நிரம்பிவிடுகின்றன. பொன் எதோடும் ஒட்டாமல் பளபளப்பது அதனால்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் கையில் வைத்திருந்த உலோகத்தின் குணத்துக்கு இப்படி ஒரு காரணம் சொல்ல முடிந்தது என்பதற்காகவே இத்துறையில் நுழையலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

பிடியின் வலிமை கணக்கில் கிடைக்கிறது என்றால் தனிம அட்டவணையில் தேடிப் பார்க்கலாம் அல்லவா? 2001-இல் நோர்ஸ்கோவ் குழுவினர் டோப்சோ ஆய்வாளர்களோடு சேர்ந்து அதைச் செய்தார்கள். நைட்ரஜனை மாலிப்டினம் மிக இறுகப் பிடிக்கிறது, கோபால்ட் மிகத் தளர்வாகப் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நடுவில், ருதேனியத்துக்கு அருகே வந்து நிற்க வேண்டும். கோபால்ட்–மாலிப்டினம் நைட்ரைடு உண்மையிலேயே வீரியமுள்ள அம்மோனியா வினையூக்கியாக இருந்தது. எனினும் அது மிட்டாஷின் இரும்பை ஆலையிலிருந்து வெளியேற்றிவிடவில்லை. மலிவும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் உறுதியும் எரிமலை வரைபடத்தின் எந்த அச்சிலும் இல்லை.

என்னை மிகவும் கவர்ந்த எடுத்துக்காட்டு இதற்கும் மூன்றாண்டு முந்தையது. இயற்கை வாயுவிலிருந்து நீராவியின் உதவியால் ஹைட்ரஜன் எடுக்கும் ஆலைகளில் நிக்கல் வினையூக்கி. அதன் தீராத நோய், மேற்பரப்பில் கரி படிந்து அடைத்துக்கொள்வது. நிக்கலும் பொன்னும் கட்டியாக உருக்கினால் கலக்காதவை. ஆனால் நிக்கலின் மேற்பரப்பு அடுக்கில் மட்டும் பொன் அணுக்கள் இடம்பிடிக்கும் என்பதை ஆர்ஹூஸில் ஃபிளெமிங் பெசன்பாகரின் குழு, அணுக்களைப் படம்பிடிக்கும் வருடு சுரங்க நுண்ணோக்கியில் கண்டது. பொன்னுக்கு அண்டையிலுள்ள நிக்கல் அணுக்கள் கரியைத் தளர்வாகப் பிடிக்கும் என்று நோர்ஸ்கோவின் கணக்கு சொன்னது. டோப்சோவில் அந்தக் கலவையைச் செய்து பியூட்டேனைச் செலுத்திப் பார்த்தார்கள். வெறும் நிக்கல் கெட்டுக்கொண்டே போக, பொன் கலந்தது நிலைத்து நின்றது. 1998-இல் சயின்ஸ் இதழில் இது வெளிவந்தது. நுண்ணோக்கி ஓரிடத்தில், கணக்கு ஓரிடத்தில், உலை ஓரிடத்தில். மூன்றும் ஒரே சிறிய நாட்டுக்குள்ளே, சில மணி நேரப் பயணத் தொலைவில்.

அடுத்த ஆண்டே இன்னொன்று. ருதேனியத்தின் தட்டையான மேற்பரப்பில் நைட்ரஜன் உடைகிறது என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சோதனைக்காரர் இப் சோர்கென்டோர்ஃபின் குழு, மேற்பரப்பில் ஒன்றிரண்டு சதவீதத்தை மட்டும் மூடும் அளவுக்குப் பொன்னைத் தூவியது. வினை அடியோடு விழுந்துவிட்டது. அணு அடுக்குகள் முடியும் விளிம்புப் படிகளில் போய் பொன் உட்கார்ந்திருந்தது. 500 கெல்வினில் படியில் நடக்கும் வேகம் தட்டையான தளத்தில் நடப்பதைவிடக் குறைந்தது நூறு கோடி மடங்கு அதிகம் என்று கண்டார்கள். படிக்கும் தளத்துக்கும் தடை ஆற்றலில் பெரும் வேறுபாடு இருப்பதை நோர்ஸ்கோவ் பக்கத்துக் கணக்கும் காட்டியது. மேற்பரப்பு முழுவதும் வேலை செய்வதில்லை, அதன் ஒரு சிறு பகுதிதான் செய்கிறது என்ற பழைய ஊகத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அந்தப் பாடம் பிறகு பயன்பட்டது. மாலிப்டினம் டைசல்பைடு எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்கும் பழைய ஆலைப் பொருள். அதன் விளிம்பிலுள்ள அணுக்கள், உயிரிகளில் ஹைட்ரஜனை ஆக்கும் நொதிகளின் மையத்தை ஒத்திருப்பதைக் கவனித்து, அது ஹைட்ரஜனை ஏறத்தாழச் சரியான அளவில் பிடிக்கும் என்று 2005-இல் நோர்ஸ்கோவ் குழுவினர் கணக்கிட்டார்கள். நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க அதுவரை யாரும் பொருட்படுத்தாத பொருள் அது. 2007-இல் தாமஸ் ஹாராமியோ உள்ளிட்டோர் அளந்தபோது, வேகம் துகளின் பரப்போடு வளரவில்லை, விளிம்பின் நீளத்தோடு வளர்ந்தது. இப்போது பிளாட்டினத்துக்கு மாற்றாக அதை ஆராயும் குழுக்கள் உலகெங்கும் இருக்கின்றன.

மூலக்கூறு வினையூக்கிகளிலும் நொதிகளிலும் கணக்கின் பணி வேறு வகையானது. அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏரியே வார்ஷெலும் மைக்கேல் லெவிட்டும் 1976-இல், நொதியின் வினைநடக்கும் மையத்தைக் குவாண்டம் முறையிலும் மற்ற பகுதியை எளிய இயக்கவியலிலும் கணக்கிடும் வழியைத் தந்தார்கள். 2013-இல் மார்ட்டின் கார்ப்ளஸோடு சேர்ந்து அவர்களுக்கு நோபல் கிடைத்தது. கலிஃபோர்னியாவின் கென்டல் ஹௌக், கரிம வினையூக்கிகள் இடக்கை, வலக்கை வடிவங்களில் ஒன்றை மட்டும் தருவது ஏன் என்று கணக்கிட்டார். அங்கே கணக்கு நன்றாக ஒத்துவரக் காரணம் உண்டு. தேவைப்படுவது இரண்டு பாதைகளுக்கு இடையிலான வேறுபாடு மட்டும். இரண்டிலும் ஒரே மாதிரிப் பிழை இருந்தால் கழித்தலில் அது போய்விடும்.

உலோக மேற்பரப்பில் அந்தச் சலுகை எப்போதும் கிடைப்பதில்லை. பிளாட்டினத்தில் கார்பன் மோனாக்சைடு எங்கே உட்காரும் என்ற எளிய கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். சோதனை, ஒரு பிளாட்டின அணுவின் உச்சியில் என்கிறது. வழக்கமான தோராயங்களோடு அடர்த்திச் சார்புக் கோட்பாடு, மூன்று அணுக்களுக்கு நடுவிலுள்ள குழியில் என்கிறது. பீட்டர் ஃபைபல்மன் உள்ளிட்ட பலர் 2001-இல் வெவ்வேறு நிரல்களை வைத்துச் சரிபார்த்து, நிரலில் தவறில்லை, தோராயத்தில்தான் தவறு என்று வெளிப்படையாக எழுதினார்கள். புதிதாக வரும் மாணவர் முதலில் படிக்க வேண்டிய கட்டுரைகளில் ஒன்றாக இதைச் சொல்வேன். 2016-இல் வெளிவந்த இன்னொரு பெரிய கூட்டாய்வு, 71 தனிமப் படிகங்களை 15 நிரல்களில் கணக்கிட்டுப் பார்த்து, இன்றைய நிரல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று நிறுவியது. நிரல்கள் ஒத்துப்போவதால் விடை சரியாகிவிடாது. இந்த வேறுபாட்டை மறந்த கட்டுரைகள் இதழ்களில் ஏராளம்.

இன்னொரு தடை இயற்கை போட்டது. எரிபொருள் மின்கலத்தில் ஆக்சிஜனை நீராக்கும்போது இரண்டு இடைநிலைப் பொருள்கள் மேற்பரப்பில் ஒட்டுகின்றன. தடையில்லாமல் வினை நடக்க அவற்றின் ஆற்றல் வேறுபாடு 2.46 எலக்ட்ரான் வோல்ட் இருக்க வேண்டும். உலோகமானாலும் ஆக்சைடானாலும் கணக்கில் வருவது ஏறத்தாழ 3.2. ஒன்றின் பிடியைத் தளர்த்தினால் மற்றதும் சேர்ந்தே தளர்கிறது. இந்த நேர்கோட்டு உறவுகளை நோர்ஸ்கோவின் குழுவே 2007-இல் பொதுமைப்படுத்தியது. எந்தக் கலவையைச் செய்தாலும் எரிமலையின் உச்சி ஓர் அளவுக்குமேல் உயராது என்பதை அது காட்டியது. முட்டுச்சுவர் எங்கே என்று காட்டியது ஒரு கண்டுபிடிப்புக்குச் சமம் என்று நான் கருதுகிறேன். எத்தனையோ ஆண்டுகள் வீண்போகாமல் அது காப்பாற்றும்.

2010-இல் நோர்ஸ்கோவ் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குச் சென்று சன்கேட் மையத்தை நிறுவினார். அங்கே அவர் குழுவும் கூட்டாளிகளும் நிக்கல்–காலியம் கலவையைக் கணக்கில் தேர்ந்தெடுத்து, கார்பன் டைஆக்சைடை மெத்தனால் ஆக்கக் குறைந்த அழுத்தத்தில் அது செயல்படுவதை 2014-இல் காட்டினார்கள். 2018-இல் டென்மார்க் திரும்பினார். திரும்பிய அடுத்த ஆண்டு வந்த கட்டுரைதான் அவர் பெயர் தாங்கியவற்றில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. மின்சாரத்தால் அறை வெப்பநிலையில் நைட்ரஜனை அம்மோனியா ஆக்கிவிட்டோம் என்று உலகெங்கும் கட்டுரைகள் குவிந்துகொண்டிருந்த நேரம் அது. சோர்கென்டோர்ஃபோடும் ஸ்டான்ஃபோர்டு, லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களோடும் சேர்ந்து, நைட்ரஜன்-15 ஐசோடோப்பை வைத்து ஒவ்வொரு வழியையும் சோதித்தார்கள். காற்றில், கையுறையில், சோதனைப் பொருள்களில், ஏன் மனிதர் மூச்சிலும்கூட ஒட்டியிருக்கும் அம்மோனியாவே அளவீட்டை ஏமாற்றிவிட முடியும். சோதித்தவற்றில் லித்தியம் வழிமுறை ஒன்றுதான் தேறியது. எந்தச் சோதனைகளைச் செய்த பிறகே அம்மோனியா கிடைத்தது என்று சொல்லலாம் என்ற நெறிமுறையையும் எழுதிவைத்தார்கள். கணக்குப் போட்டுப் புகழ்பெற்ற ஒருவர் தம் துறையின் ஆசைக்கனவு ஒன்றைத் தாமே சோதனைக்கு உட்படுத்தினார். பிறருக்குப் பாடம் சொல்லும் தகுதி அப்படித்தான் வருகிறது.

இந்தப் பணிவாழ்க்கையைப் பார்த்து இன்றைய இளைஞர் எதை எடுத்துக்கொள்ளலாம்? துறையின் நடைமுறை அவர் காலத்தைவிட மாறிவிட்டது. முனைவர் பட்டத்துக்குப் பின் இரண்டாண்டு, மூன்றாண்டு ஒப்பந்தங்களில் நாடு மாறி நாடு போக வேண்டும். நிரந்தர இடம் குறைவு, கேட்பது கட்டுரை எண்ணிக்கை. கணக்குக் கட்டுரையை உலைக் கட்டுரையைவிட விரைவாக எழுதிவிடலாம் என்பதால் ஆசை வழுக்குகிறது. யாரும் செய்து பார்க்காத, செய்யவே முடியாத கலவைகளின் பட்டியலோடு முடியும் கட்டுரைகள் இதழ்களில் நிறைந்துகிடக்கின்றன. ஒரு பட்டியலில் உள்ளது நிலைத்திருக்குமா, நீரில் கரையுமா, காற்றில் துருவேறுமா என்று கேட்காமல் விட்டால், அதைப் படித்த சோதனைக்காரருக்கு ஓராண்டு வீணாகும். நிரல் எழுதுகிறவர்களின் நிலையும் எனக்கு வருத்தம் தருகிறது. வியன்னாவில் பிறந்த வாஸ்ப், டென்மார்க்கில் வளர்ந்த ஜிபாவ், ட்ரியெஸ்ட்டைச் சுற்றி உருவான குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ ஆகிய நிரல்களின் மேல்தான் ஆயிரக்கணக்கான முனைவர் பட்டங்கள் நிற்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் இளைஞருக்கு அந்த வேலைக்காகவே பேராசிரியர் பதவி தருகிற பல்கலைக்கழகம் அரிது. இதை மாற்றுவது நிதி தருபவர்களின் கடமை.

இயந்திரக் கற்றல் வந்த பிறகு வேகம் பெருகிவிட்டது. யோர்க் பேலரும் மிக்கேலே பாரினெல்லோவும் 2007-இல் நரம்பு வலையமைப்பை அணுக்களின் ஆற்றலுக்குப் பொருத்திக் காட்டினார்கள். 2020-இல் ஃபேஸ்புக்கின் ஆய்வுப் பிரிவும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்பரப்புக் கணக்கீடுகளைப் பொதுவில் வைத்தன. நாட்கணக்கில் ஆனது இப்போது நொடிகளில் ஆகிறது. ஆனால் இந்த மாதிரிகள் கற்றது அடர்த்திச் சார்புக் கோட்பாட்டின் விடைகளை. பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடைத் தவறான இடத்தில் வைத்த அதே தோராயத்தின் பிழையை அவையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். கணிப்பு மலியமலிய, சரிபார்க்கும் உலைதான் அரிதாகும் என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ, ஜிபாவ் இரண்டும் இலவசம். நடுத்தரக் கணினித் தொகுதி உள்ள கல்லூரியிலும் இந்தத் துறையில் உருப்படியான வேலை தொடங்கலாம். சென்னை ஐஐடியில் வினையூக்க ஆய்வுக்கென்றே தேசிய மையம் ஒன்று இயங்கிவருகிறது. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவரிடம் எத்தனை கணினி இருக்கிறது என்று கேட்பதோடு நிற்காதீர்கள். உங்கள் எண்ணை உலையில் வைத்துச் சரிபார்க்கும் சோதனைக்காரர் யார், அவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்று கேளுங்கள். அப்படி ஒருவர் இல்லாத குழுவில் எவ்வளவு பெரிய கணினி இருந்தாலும் சேர வேண்டாம்.